கட்டாமல் விட்ட முனை

ஒரு கம்பிக்கு இரண்டு முனை இருந்தால் இரண்டையும் கட்டித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஒன்றைக் கட்டி மற்றொன்றைச் சும்மா விட்டுவிடுவதும் ஒரு வேலைதான். இந்தச் சின்ன விஷயத்தை நான் என்னுடைய நாற்பத்தாறாவது வயதில் சேவூரில் தெரிந்துகொண்டேன். அதற்கு நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். அந்த விலையில் பெரும்பகுதியை வேறு ஒருவன் கொடுக்கும்படி ஆயிற்று என்பதுதான் இன்னும் என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஆகையால் இதை எழுதுகிறேன்.

சேவூர் ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பட்டுச் சேலை கட்டுகிறவர்களுக்கு ஆரணியைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. "காஞ்சீபுரம் சேலை கல்யாணப் பெண்ணுக்கு, ஆரணிச் சேலை கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு" என்று சென்னைக் கடைக்காரர் ஒருவர் எனக்கு விளக்கியிருக்கிறார். அந்தப் பேச்சைச் சேவூரில் திருப்பிச் சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு கிடைக்காது. அக்காவை அந்த ஊரில் கொடுத்திருப்பதால் நான் சொல்வதில்லை.

மாமா வீட்டில் மூன்று தறிகள். கூடத்தில் இரண்டு, தாழ்வாரத்தில் ஒன்று, எல்லாம் குழித்தறி. விடிவதற்குள் சத்தம் ஆரம்பித்துவிடும். சென்னையில் என்னுடைய நாவலின் கதாநாயகி நட்டாற்றில் நின்றுகொண்டு அந்தப் பக்கமும் போகமாட்டேன், இந்தப் பக்கமும் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும்போதெல்லாம் நான் மூட்டை கட்டிக்கொண்டு சேவூருக்குப் போய்விடுவேன். நாடா இப்படியும் அப்படியும் ஓடுகிற சத்தத்தில் அவள் எப்படியோ மனம் மாறிவிடுவாள்.

2022-ஆம் வருஷம் ஐப்பசி மாதமும் அப்படித்தான் போயிருந்தேன். அந்தச் சமயத்தில் மாமாவின் காரும் என் கதாநாயகியைப்போலவே நடந்துகொண்டிருந்தது.

அது 2003-ஆம் வருஷத்து வண்டி. மாமா மூன்றாவது கையாக வாங்கினார். 15 வருஷம் முடிந்து மறுபதிவும் ஆகிவிட்டது. சேலைகளை ஆரணிக்கும் காஞ்சீபுரத்துக்கும் கொண்டுபோவது, உறவினர் வீட்டுக் காரியங்களுக்குப் போய்வருவது என்று எல்லாவற்றுக்கும் அதுதான். கொஞ்ச நாளாக, சூடு ஏறினதும் நடுரோட்டில் உயிரை விட்டுவிடும். பத்து நிமிஷம் நிழலில் நிறுத்தினால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும்.

ஆரணியில் ஒரு ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். அங்கே வேலை பார்க்கும் பையன் ஐ.டி.ஐ. படித்தவன், இருபத்துநான்கு வயது இருக்கலாம். அரை மணி நேரம் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சென்சார் ஒயர் சார்" என்றான். கம்பியின் மேல்தோல் எஞ்சின் சூட்டில் வெந்து, கோடைகாலத்து ஏரித் தரைபோல வெடித்துக் கிடந்தது.

நான் கல்லூரியை இரண்டாவது வருஷத்தோடு விட்டவன். ஆனால் அந்த இரண்டு வருஷமும் பௌதிகம் படித்தவன். இப்படிப்பட்ட ஆசாமியிடம் நேயர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒன்றுமே படிக்காதவர் வாயை மூடிக்கொண்டிருப்பார். முழுக்கப் படித்தவருக்குத் தம்முடைய சந்தேகமே தீராது. பாதியில் விட்டவன்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேள்வி கேட்பான். நான் உட்கார்ந்தேன்.

பையன் பொறுமையாகச் சொன்னான். பழைய கார்களில் கார்புரேட்டர் இருந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் புகை விதிகள் கடுமையானபிறகு அது மெல்ல மறைந்து, எத்தனை பெட்ரோல் தெளிக்க வேண்டும், எந்தக் கணத்தில் பொறி விழ வேண்டும் என்பதையெல்லாம் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி தீர்மானிக்க ஆரம்பித்தது. ஆனால் அந்தப் பெட்டிக்குக் கண் கிடையாது. எஞ்சின் தண்டு இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை யாராவது சொல்ல வேண்டும். அதற்காகத் தண்டில் ஒரு பற்சக்கரம் வைத்திருக்கிறார்கள். அநேக வண்டிகளில் 60 பல் இருக்க வேண்டிய இடத்தில் 58 பல்தான் இருக்கும். அந்த இரண்டு பல் இடைவெளிதான் அடையாளம். சக்கரத்துக்கு எதிரே காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட சென்சார் ஒன்று. ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு சின்ன மின் துடிப்பு. எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் விநாடிக்கு 2900 துடிப்பு. பெட்டி அவற்றை எண்ணிக்கொண்டே இருக்கிறது. எண்ணிக்கை தப்பினால் பொறியையும் பெட்ரோலையும் நிறுத்திவிடும்.

வண்டியைக் கிளப்பும் நேரத்தில் அந்தத் துடிப்பு ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகவே இருக்கும். அதற்கு ஒரு சாண் தள்ளி, இக்னிஷன் காயிலிலிருந்து பிளக்குக்கு 20,000 வோல்ட்டுக்குமேல் பாய்ந்துகொண்டிருக்கிறது. சந்தைக்கு நடுவில் ஒருவர் காதோடு காதாக ரகசியம் சொல்வதைப்போன்ற நிலைமை. ரகசியம் கெடாமல் போய்ச் சேருவதற்காகத்தான் அந்தக் கம்பிக்கு மட்டும் மேலே ஓர் உலோக வலை போர்த்தியிருக்கிறார்கள். அதற்கு ஷீல்டு என்று பெயர். வெளியே இருந்து வரும் மின் இரைச்சலை வலை தன்மேல் வாங்கிக்கொள்ளும், உள்ளே விடாது.

நான் உடனே ஃபாரடேயைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். கருமானின் மகன், புத்தகம் தைக்கும் கடையில் வேலை கற்றவர். சுருளுக்கு அருகே காந்தப்புலம் மாறினால் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் கண்டுபிடித்தார். உலோகத் தகடு போர்த்திய அறைக்குள் வெளி மின்சாரம் நுழையாது என்று 1836-இல் காட்டினார். அந்தச் சென்சார் முதல் கண்டுபிடிப்பு, ஷீல்டு இரண்டாவது. பையன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். அந்த மரியாதையை நான் வேறுமாதிரி எடுத்துக்கொண்டேன்.

புதுக் கம்பியை அவன் வெட்டியபோது மாமா அதை வாங்கி விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தார்.

"ஜரிகைதான் மச்சான் இது" என்றார். "நம்ம ஜரிகையில உள்ள பட்டு நூல் இருக்கும், மேல வெள்ளிக் கம்பியத் தட்டையாக்கிச் சுத்தித் தங்க முலாம் பூசுவாங்க. இதுல உள்ள செப்புக் கம்பி, நடுவுல ரப்பர், மேல செப்பு வலை. அவ்வளவுதான்."

வேடிக்கை என்னவென்றால் இந்த ஒற்றுமை மாமாவுக்கு மட்டும் தோன்றியதல்ல. அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக்கூடத்தில் இரண்டு பேர் 1997-இல் துணியையே மின்சாதனமாக்க முயன்றபோது, அவர்கள் கையில் எடுத்தவற்றில் ஒன்று இந்தியாவில் நெய்த, உலோகம் சுற்றிய இழை ஓடும் மெல்லிய பட்டுத் துணி. அதை மாமாவிடம் சொன்னேன். "நம்மகிட்ட கேட்டிருக்கலாமே" என்றார்.

இதுவரை எல்லாம் சுமுகம். பையன் கம்ப்யூட்டர் பெட்டிப் பக்கத்தில் ஷீல்டை அதற்குரிய எர்த்துக் கம்பியோடு சேர்த்துப் பற்றவைத்தான். சென்சார் பக்கத்திலோ, வலையைச் சுத்தமாக வெட்டி, வேறு எதிலும் படாதபடி டேப் சுற்றி, அப்படியே விட்டுவிட்டான்.

"அந்த முனையைக் கட்டவில்லையே?" என்றேன்.

"அந்தப் பக்கம் கட்டக்கூடாது சார்."

"எர்த்து என்றால் இரண்டு பக்கமும் இருந்தால் இன்னும் பத்திரமல்லவா?"

"எங்க ஆசான் சொல்லிக்குடுத்தது சார். கம்ப்யூட்டர் பக்கம் மட்டும்தான். அந்தப் பக்கமும் கட்டினா வம்பு."

"என்ன வம்பு?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "வம்பு சார், அவ்வளவுதான்" என்றான்.

நான் சிரித்தேன். ஷெட்டில் நின்றுகொண்டிருந்த இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள். பையன் காது சிவந்து, ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாவல் ஓடவில்லை. வீட்டில் எல்லோரும் ஒரு கிரகப் பிரவேசத்துக்குப் போயிருந்தார்கள். நான் பானெட்டைத் திறந்து, டேப்பைப் பிரித்து, வலையின் இழைகளை முறுக்கி, எஞ்சினில் இருந்த ஒரு போல்ட்டுக்கு அடியில் கொடுத்து இறுக்கினேன். பத்து நிமிஷ வேலை. வேலையைச் செம்மையாக முடித்துக் கொடுத்துவிட்ட திருப்தியோடு கை கழுவினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டும் என்று அல்ல. சொல்லும்படியான காரியமாகவே எனக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டு நாள் வண்டி நன்றாக ஓடியது. எல்லாம் பகல் ஓட்டம்.

பதின்மூன்றாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அத்தைக்கு, அதாவது மாமாவின் தாயாருக்கு, மூச்சுத் திணறல் கண்டது. எழுபத்தெட்டு வயது. வேலூருக்குக் கொண்டுபோய்விடலாம் என்று மாமா காரை எடுத்தார். அக்காவும் நானும் பின்னால் அத்தையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மழை. ஹெட்லைட், வைப்பர், கண்ணாடியில் படிந்த ஆவியைப் போக்க உள்ளே காற்றாடி என்று எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணமங்கலத்தை நெருங்கும்போது எஞ்சின் இரண்டு முறை குலுங்கியது; நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினால் கிளம்பும். நூறு அடி போகும், நிற்கும். பாட்டரி போய்விடப்போகிறதே என்று மாமா விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுக் கிளப்பினார். எஞ்சின் அழகாக ஓடியது. இருட்டில் போக முடியாதே என்று விளக்கைப் போட்டார். நின்றுவிட்டது. இது என் கண்ணெதிரே நாலு முறை நடந்தது. இரண்டு வருஷப் பௌதிகம் படித்த எனக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

நாற்பது நிமிஷம் அந்தப் புளியமரத்தடியில் இருந்தோம். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தப் பிடி இறுகித் தளர்ந்ததை நான் எழுதி விளக்கப் போவதில்லை. கடைசியில் பால் வண்டி ஒன்று நிறுத்தி எங்களை ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் உடனே பிராணவாயு வைத்தார்கள். "இன்னும் அரை மணி போயிருந்தால்..." என்று டாக்டர் ஆரம்பித்துவிட்டு, மாமாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அத்தை ஆறாம் நாள் வீடு திரும்பினார்.

அதற்கு முன்பே, மூன்றாம் நாள் காலையில், மாமா ஷெட்டுக்குப் போனார். கூட நானும் போனேன். மாமா அதிர்ந்து பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அன்று பத்துப் பேர் எதிரில் பையனை அவர் பேசிய பேச்சை இங்கே எழுதுவதற்கில்லை. ஷெட்டின் முதலாளியும் சேர்ந்துகொண்டார். வேலைக்கு வாங்கின பணத்தை அவன் சம்பளத்தில் பிடித்துத் திருப்பித் தருவதாகச் சொன்னார். பையன், "வண்டியப் பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை.

நானும் பேசவில்லை. அந்த போல்ட்டைப் பற்றி எனக்குள் ஒரு சந்தேகம் அப்போதே எழுந்திருந்தது. தொண்டைவரை வந்தது. 'நிச்சயமாகத் தெரியாமல் எதற்குச் சொல்வது' என்று உள்ளே ஒரு குரல் நியாயம் பேசிற்று. கதைகளில் எத்தனையோ கோழைகளை இகழ்ந்து எழுதியிருக்கிறேன். அவர்களும் இப்படித்தான் நியாயத்தோடு பேசியிருப்பார்கள்போலிருக்கிறது.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் விட்டிருந்தோம். பையன் வந்து பானெட்டைத் தூக்கினான். பார்த்த கணத்திலேயே தெரிந்துகொண்டான். போல்ட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். மாமா பக்கம் திரும்பவில்லை. ஷீல்டை அவிழ்த்து, முறுக்கின இழைகளை வெட்டி, இந்த முறை டேப்புக்குப் பதிலாகச் சிவப்பு ஸ்லீவ் ஒன்றை மாட்டிச் சூடு காட்டி இறுக்கினான். அதற்குப் பிறகு மீட்டரை எடுத்து, ஒரு முள்ளை எஞ்சினிலும் மற்றொன்றைக் கார் பாடியிலும் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, விளக்கெல்லாம் போடச் சொன்னான். 0.6 வோல்ட் காட்டியது.

"இது 0.1, 0.2-க்கு மேல போகக்கூடாது சார்" என்று சொல்லிக் கீழே குனிந்து, எஞ்சினையும் பாடியையும் சேர்க்கும் எர்த்துப் பட்டையை அசைத்தான். கையோடு வந்துவிட்டது. அவ்வளவு துரு.

"இத அன்னிக்கே நான் பாத்திருக்கணும்" என்று மாமாவிடம் சொன்னான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாமா உள்ளே போனபிறகு நான் மெதுவாக, "அந்த வம்பு என்ன என்று இப்போது சொல்லேன்" என்றேன். அன்றைக்கு வராத பதில் இன்றைக்கு அவனுக்கு வந்தது.

"விளக்கு, வைப்பர் எல்லாத்துக்கும் போற கரண்டு திரும்பிப் பாடி வழியா எஞ்சினுக்கு வரணும் சார். அதுக்குத்தான் இந்தப் பட்டை. பட்டை கெட்டுப்போச்சு. நீங்க ஷீல்டோட ரெண்டு முனையையும் கட்டினதும் அதுக்கு வேற வழி கெடச்சுது. ஒரு பக்கம் அடைச்ச வாய்க்கால்ல தண்ணி நிக்கும். ரெண்டு பக்கமும் தெறந்தா ஓடும். ஷீல்டுல எதுவும் ஓடக்கூடாது சார். ஓடினா, எந்த எரைச்சல வெளிய நிறுத்தணும்னு போட்டமோ அத நாமளே கம்பி மேல ஏத்தி வச்ச மாதிரி ஆயிடும்."

பகலில் விளக்கு இல்லை, ஓட்டம் குறைவு. ராத்திரி எல்லாம் போட்டதும் ஓட்டம் அதிகம். பெட்டியின் எண்ணிக்கை தப்பிவிட்டது. அணைத்தால் கிளம்பியதன் ரகசியம் இவ்வளவுதான். பட்டை நன்றாக இருந்திருந்தால் நான் செய்த காரியத்தின் விளைவு தெரியாமலேகூடப் போயிருக்கலாம். பட்டை கெட்டிருந்தும் நான் கையை வைக்காமல் இருந்திருந்தால் அத்தை அன்று நேரத்தோடு போய்ச் சேர்ந்திருப்பார்.

அன்று சாயங்காலம் மாமா தறியில் இருந்தார். நான் எதிரே உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை செய்ததைச் சொன்னேன். நாடா நிற்கவில்லை. ஏழெட்டு ஊடை போனபிறகு நிறுத்தினார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"பார்த்ததும் தெரிந்துகொண்டான்."

"எங்கிட்ட சொல்லல."

"சொல்லவில்லை."

மாமா கொஞ்ச நேரம் பாவைத் தடவிக்கொண்டிருந்தார். "நான் அவனப் பேசினது பத்துப் பேர் எதிர்ல, மச்சான். நாளைக்குக் காலையில போவோம். எங்கிட்ட சொன்னத அங்க சொல்லு" என்றார். மறுபடியும் நாடா ஓட ஆரம்பித்தது.

போனோம். எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அந்த ஷெட்டில் பேசிய நாலு வாக்கியத்துக்கு எனக்கு நாக்கு வறண்டதுபோல் எங்கும் வறண்டதில்லை. முதலாளி சம்பளத்தில் பிடிப்பதில்லை என்றார். மாமா பையனின் தோளில் கையை வைத்தார். பையன்தான் மிகவும் சங்கடப்பட்டவன். "பரவால்ல சார், டீ சாப்பிடுங்க" என்று ஓடிப் போய் வாங்கிக்கொண்டு வந்தான்.

பழைய கார் வைத்திருக்கும் நேயர்களுக்கு, அவன் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். சென்சார் கம்பியை மாற்றினால் ஷீல்டு உள்ள கம்பியாகவே போட வேண்டும். ஷீல்டைக் கம்ப்யூட்டர் பக்கத்தில், வண்டியின் வரைபடம் காட்டுகிற எர்த்தோடு மட்டும் சேர்க்க வேண்டும். கைக்கு எட்டின போல்ட்டில் அல்ல. மறுமுனையை வெட்டி ஸ்லீவ் போட்டு மூடிவிட வேண்டும். வலைக்கு வெளியே தெரியும் கம்பி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பிளக் ஒயர்களிலிருந்து விலக்கிக் கொண்டுபோக வேண்டும். சென்சாரின் துடிப்பு திரும்பிவரும் வழியாக ஷீல்டையே உபயோகிக்கக் கூடாது. இவ்வளவுக்கும் முன்னால், எஞ்சினின் எர்த்துப் பட்டையைப் பார்த்துவிட வேண்டும். ரேடியோ அலைகளைக் கொண்டுசெல்லும் கம்பிகளில் இரண்டு முனையையும் கட்டுவது உண்டு. அந்த நியாயம் வேறு. அதை இங்கே கொண்டுவந்து என்னைப்போல வாதாட வேண்டாம்.

வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. அத்தையும் சௌக்கியம். சேவூருக்குப் போகும்போதெல்லாம் மாமா யாராவது விருந்தாளிக்குக் காரைக் காட்டினால், பானெட்டைத் திறந்து, எங்கும் கட்டப்படாமல் தொங்கும் அந்தச் சிவப்பு ஸ்லீவைச் சுட்டிக் காட்டாமல் விடுவதில்லை.

"இதான் எங்க மச்சான் படிச்ச காலேஜ்" என்பார்.